எழுபத்தொன்பதாம் துறையில் திறந்திருந்த கதவு

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பினாங்கு ஜார்ஜ்டவுனுக்குச் சுற்றுலா போகிறவர்கள் கார்ன்வாலிஸ் கோட்டையை எட்டிப் பார்க்காமல் திரும்புவதில்லை. கோட்டையின் கடலோரப் பக்கத்தில், கப்பலின் பாய்மரம் போலவே தோன்றும் இரும்புக் கலங்கரை விளக்கம் ஒன்று நிற்கிறது. 1882-ஆம் ஆண்டில் கட்டப்பட்டது. உயரம் 21 மீட்டர். அதோடு சேர்ந்த கொடிமரத்துக்கு ஆங்கிலேயர் காலத்தில் ஒரு வேலை இருந்தது. இங்கிலாந்திலிருந்து தபால் வந்து சேர்ந்தால் அதில் கொடி ஏறும். ரெசிடண்ட் கவுன்சிலர் எனப்பட்ட தலைமை அதிகாரி ஊரில் இருந்தாலும் கொடி ஏறும்.

தபால் வந்ததா? பெரியவர் இருக்கிறாரா? இந்த இரண்டு கேள்விக்கும் யாரையும் தொந்தரவு செய்யாமல், அண்ணாந்து பார்த்தே பதில் தெரிந்துகொண்டது அன்றைய பினாங்கு.

ஏறக்குறைய நூறாண்டு கழித்து, அதே இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லக் கணினியில் ஒரு சேவை பிறந்தது. அதன் பெயர் 'ஃபிங்கர்'. தமிழில் சொன்னால் 'விரல்'. இன்று கைப்பேசியை வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் அந்தச் சேவையின் கதையில் ஒரு பாடம் இருக்கிறது.

விரலால் தேடிய பெயர்

அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் செயற்கை நுண்ணறிவு ஆய்வகம் ஒன்று இருந்தது. ஒரே பெரிய கணினியைப் பலர் பங்கு போட்டுக்கொண்டு பயன்படுத்திய காலம் அது. இப்போது யார் யார் கணினியில் இருக்கிறார்கள் என்று பார்க்க ஒரு பட்டியல் கிடைக்கும். ஆனால் அந்தப் பட்டியலில் சுருக்கப் பெயர்களும் எண்களும்தான் இருக்கும். அங்கே பணியாற்றிய லெஸ் எர்னஸ்ட் ஒன்றைக் கவனித்தார். ஆய்வகத்தில் உள்ளவர்கள் பட்டியலின் மேல் விரலை வைத்து, வரி வரியாக இழுத்து, "இவர் இருக்கிறார், அவர் எங்கே?" என்று தேடிக்கொண்டிருந்தார்கள். அந்த விரலின் வேலையை நிரலே செய்யட்டும் என்று 1971-இல் அவர் எழுதியதுதான் ஃபிங்கர்.

அந்தச் சேவை ஒரு கணினியோடு நிற்கவில்லை. கணினிகள் வலையமைப்பில் இணைந்தபோது, ஓர் ஊரில் உட்கார்ந்துகொண்டு இன்னோர் ஊரின் கணினியில் உள்ளவரைப் பற்றி விசாரிக்கலாம் என்றாயிற்று. அதற்கான விதிமுறை 1977 டிசம்பரில் எழுதி வெளியிடப்பட்டது. 1991 டிசம்பரில் அது திருத்தி எழுதப்பட்டது.

கணினிக்கும் துறைகள் உண்டு. கப்பல் துறைமுகத்தில் சரக்குக் கப்பலுக்கு ஒரு துறை, பயணிகள் கப்பலுக்கு ஒரு துறை இருப்பதைப் போல, இணையத்தில் ஒவ்வொரு சேவைக்கும் ஒரு துறை எண் ஒதுக்கப்பட்டிருக்கிறது. மின்னஞ்சல் அனுப்புவதற்கு 25. இணையத்தளம் பார்ப்பதற்கு 80. அந்த 80-க்குப் பக்கத்து வீட்டுக்காரர்தான் ஃபிங்கர். அதன் துறை எண் 79.

பதிலில் என்ன வரும்?

வேலை மிக எளிமையானது. கேட்கிறவர் ஒருவருடைய கணக்குப் பெயரையும் கணினியின் பெயரையும் தட்டுவார். அந்தக் கேள்வி ஒரே வரியாக 79-ஆம் துறைக்குப் போகும். அங்கே காத்திருக்கும் நிரல் பதிலைத் தந்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளும். கேட்பவர் யார், எதற்குக் கேட்கிறார் என்ற விசாரணையெல்லாம் கிடையாது.

அந்தப் பதிலில் வந்தவற்றைக் கேளுங்கள். முழுப்பெயர் வரும். அலுவலக அறை எண், தொலைபேசி எண் பதிந்திருந்தால் அதுவும் வரும். எப்போது கணினிக்குள் நுழைந்தார், விசைப்பலகையில் கை வைத்து எத்தனை நிமிடம் ஆயிற்று, கடைசியாக எப்போது அஞ்சலைப் படித்தார், படிக்காத அஞ்சல் காத்திருக்கிறதா என்பதெல்லாம் வரிசையாக வரும்.

பதிலின் கடைசியில் இன்னொன்றும் உண்டு. அதற்குத் 'திட்டம்' என்று பெயர். "அடுத்த வாரம் ஊரில் இருக்கமாட்டேன்" என்பது போல, கணக்கின் உரிமையாளர் தம் கையாலேயே எழுதி வைக்கும் சிறு குறிப்பு. 1990-களில் 'டூம்', 'குவேக்' விளையாட்டுகளை உருவாக்கிய ஜான் கார்மாக் இந்தக் குறிப்பையே வேலை நாட்குறிப்பாக எழுதினார். உலகம் முழுவதும் இருந்த ரசிகர்கள் தினமும் ஃபிங்கர் மூலம் அதைப் படித்தார்கள்.

வேடிக்கையும் நடந்தது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் குளிர்பான இயந்திரத்தையே வலையமைப்பில் இணைத்து, போத்தல் இருக்கிறதா, குளிர்ந்துவிட்டதா என்று இருந்த இடத்திலிருந்தே கேட்டார்கள். 1991-இல் வந்த விதிமுறையில், விற்பனை இயந்திரங்கள் எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்றே ஒரு பகுதி உண்டு!

திண்ணையில் கேட்ட கேள்வி

இப்படி எல்லாவற்றையும் திறந்து வைத்தவர்கள் ஏமாளிகளா? இல்லை. அன்று வலையமைப்பில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஆய்வாளர்களும் மாணவர்களும்தான். தோட்டப்புறத்து லயத்தில் "அண்ணன் வீட்டில் இருக்காரா?" என்று கேட்டால், "இப்பத்தான் பால்மரம் வெட்டிட்டு வந்தாரு, குளிக்கிறாரு" என்று பக்கத்து வீட்டு அக்கா பதில் சொல்வார் அல்லவா? அதில் தவறேதும் இல்லை. கேட்டவரையும் தெரியும், தேடப்பட்டவரையும் தெரியும்.

அதே அக்கா, லயத்துக்கு முன்னே பெருஞ்சாலை வந்த பிறகும், வருவோர் போவோருக்கெல்லாம் அப்படியே பதில் சொல்லிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? இணையத்தில் அதுதான் நடந்தது. ஊர் பெரிதாகிவிட்டது. பதில் சொல்லும் பழக்கம் மட்டும் மாறவில்லை.

ஒரு பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவி இரவு 11 மணிக்கு ஆய்வுக்கூடத்தில் தனியாக உட்கார்ந்து வேலை செய்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவளுக்குத் தெரியாமலேயே, அவள் எந்த அறையில் இருக்கிறாள், 2 நிமிடத்துக்கு முன்புவரை விசையைத் தட்டிக்கொண்டிருந்தாள் என்பதை முன்பின் தெரியாத ஒருவனுக்கு அந்த இயந்திரம் சொல்லிவிடும். அவள் எழுதி வைத்த 'திட்டம்' அவளே விரும்பிச் சொன்னது. அந்த 2 நிமிடக் கணக்கு அவளைக் கேட்காமல் இயந்திரம் சொன்னது. இந்த வேறுபாடுதான் இன்றைய உரையின் சாரம்.

1988 நவம்பர் 2

கதவு திறந்திருந்ததன் விளைவை உலகம் ஒரே இரவில் கண்டது. கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் டப்பன் மோரிஸ், தானே பரவும் ஒரு நிரலை இணையத்தில் விட்டார். 'மோரிஸ் புழு' என்று அது வரலாற்றில் இடம்பெற்றுவிட்டது.

அந்தப் புழு நுழைந்த வழிகளில் ஒன்று இந்த 79-ஆம் துறை. சமையலறை உதாரணம் சொன்னால் எளிதில் புரியும். கேள்வியை வாங்கி வைக்க ஃபிங்கர் நிரலில் 512 எழுத்து கொள்ளும் ஒரு பாத்திரம் இருந்தது. வருவது பாத்திரத்தில் அடங்குமா என்று அளந்து பார்க்கும் ஏற்பாடு இல்லை. புழு 536 எழுத்துகளை ஊற்றியது. வழிந்த பகுதி, கணினி அடுத்துச் செய்ய வேண்டிய வேலைக்கான குறிப்பின் மேல் விழுந்து அதை மாற்றிவிட்டது. அந்நியர் கொடுத்த கட்டளையைத் தன் சொந்தக் கட்டளை என்று நினைத்து அந்தக் கணினி நிறைவேற்றியது.

இன்னொரு வழியும் கவனிக்கத்தக்கது. புழு கடவுச்சொற்களை ஊகித்தது. கணக்குப் பெயரையே போட்டுப் பார்த்தது. பிறகு அதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தது. உரிமையாளரின் முதற்பெயர், குடும்பப் பெயர் ஆகியவற்றையும் முயன்றது. அதற்கும் மசியாத கணக்குகளுக்கு 432 சொற்கள் கொண்ட ஒரு பட்டியலைக் கையில் வைத்திருந்தது. பெயரையே சாவியாக வைத்திருந்தவர்களின் வீடுகள் திறந்துகொண்டன.

அன்று இணையத்தில் இருந்தவை சுமார் 60,000 கணினிகள். அவற்றில் 6,000 வரை பாதிக்கப்பட்டதாக அப்போது மதிப்பிடப்பட்டது. மோரிசுக்கு 1990-இல் 3 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும், 400 மணி நேரச் சமூகப் பணியும், 10,050 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. இத்தகைய அவசரங்களுக்கென அதே 1988 நவம்பரில் கார்னகி மெலனில் ஒரு மீட்புக் குழு அமைந்தது. அந்த வழியில் மலேசியாவிலும் 1997-இல் 'மைசெர்ட்' தொடங்கப்பட்டது.

பிறகு ஃபிங்கரின் ஓட்டை அடைக்கப்பட்டது. ஆனாலும் கணினி நிர்வாகிகளின் மனம் மாறிவிட்டது. 1990-களில் ஒருவர் பின் ஒருவராக 79-ஆம் துறையை மூடினார்கள். எந்தச் சட்டமும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. "ஊர் பேர் தெரியாதவருக்கு இதையெல்லாம் ஏன் சொல்ல வேண்டும்?" என்று அவர்களாகவே கேட்டுக்கொண்டார்கள்.

துறைமுகம் கற்றுத் தரும் முறை

இனி, மீண்டும் பினாங்குத் துறைமுகத்துக்கு வருவோம். இன்று மலாக்கா நீரிணையில் வரும் ஒரு கப்பலின் பெயர், கொடி, வேகம், அடுத்து எங்கே போகிறது என்பதை வீட்டிலிருந்தே கைப்பேசியில் பார்க்கலாம். ஏ.ஐ.எஸ். என்ற தானியங்கி அடையாள முறைதான் காரணம். அனைத்துலகப் பயணம் செய்யும் 300 டன்னும் அதற்கு மேலும் கொள்ளளவுள்ள கப்பல்கள் அதைப் பொருத்தியிருக்க வேண்டும் என்ற விதி 2004-ஆம் ஆண்டு முடிவுக்குள் முழுமையாக நடப்புக்கு வந்தது. கப்பல்கள் ஒன்றோடொன்று மோதாமல் இருக்க அது தேவை.

ஆனால் அந்தக் கப்பலில் யார் யார் இருக்கிறார்கள்? அது அந்த அலைவரிசையில் வராது. மாலுமிகள் பட்டியலும் பயணிகள் பட்டியலும் குடிநுழைவு, துறைமுக அதிகாரிகளின் கைக்குத்தான் போகும். கேட்பவர் இன்னார், கேட்கும் காரணம் இன்னது என்பது அங்கே தெளிவாக இருக்கிறது.

பழைய தலைமுறைக்கு 'ரஜூலா' கப்பல் நினைவிருக்கும். 1926-இல் கட்டப்பட்டு, சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்குத் தமிழர்களை ஏற்றி வந்த கப்பல் அது. ரஜூலா வருகிறது என்பது ஊருக்கே தெரியும். அதில் தம் வீட்டு ஆள் வருகிறார் என்பதை, முன்கூட்டியே வந்த கடிதம்தான் உறவினருக்குச் சொல்லும். கப்பலின் வருகை பொதுச் செய்தி. ஆளின் வருகை வீட்டுச் செய்தி. பயணிகளின் பெயர்ப் பட்டியலைப் பாய்மரத்தில் தொங்கவிட்டு எந்தக் கப்பலும் துறைக்குள் வந்ததில்லை. ஃபிங்கர் அதைத்தான் செய்தது.

மலேசியர் கையில் உள்ள எண்

இதெல்லாம் ஏதோ அமெரிக்கக் கதை என்று ஒதுக்கிவிட வேண்டாம். மலேசியாவில் 1992-இல் மிமோஸ் நிறுவனம் 'ஜாரிங்' இணையச் சேவையைத் தொடங்கியபோது, இந்நாட்டு மக்களும் அதே பெருஞ்சாலையில் ஏறிவிட்டார்கள்.

ஒவ்வொரு மலேசியரின் அடையாள அட்டையிலும் 12 இலக்கங்கள் உண்டு. முதல் 6 இலக்கம் பிறந்த தேதி. அடுத்த 2 இலக்கம் பிறந்த இடம். பினாங்கு என்றால் 07. கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். அதாவது, அந்த எண்ணை ஒருவரிடம் கொடுத்தால் வயது, பிறந்த ஊர், பால் மூன்றையும் சேர்த்தே கொடுத்ததாகிவிடுகிறது. குலுக்கல் பாரம், கடை உறுப்பினர் அட்டை, அடுக்குமாடிக் காவலரின் பதிவேடு என்று கேட்ட இடத்தில் எல்லாம் அதை எழுதிக் கொடுப்பது பலருக்கும் பழக்கமாகிவிட்டது.

2017 அக்டோபரில் வெளிவந்த செய்தி பலருக்கு நினைவிருக்கலாம். மலேசியக் கைத்தொலைபேசி வாடிக்கையாளர்களின் 4 கோடியே 62 லட்சம் எண்களுக்குரிய விவரங்கள் கசிந்திருந்தன. பெயர், முகவரி, அடையாள அட்டை எண் எல்லாம் அவற்றில் இருந்தன. அன்று நாட்டின் மக்கள்தொகையே சுமார் 3 கோடியே 20 லட்சம்தான். ஒருவரிடம் ஒன்றுக்கு மேற்பட்ட எண்கள் இருந்ததால் கணக்கு மக்கள்தொகையைத் தாண்டிவிட்டது.

இப்படிப்பட்ட விவரங்கள் யாருக்குப் பயன்படுகின்றன? 'மக்காவ் மோசடி' எனப்படும் தொலைபேசி ஏமாற்று வேலைக்கு இவைதான் மூலதனம். மறுமுனையில் பேசுகிறவன் முழுப்பெயரைச் சொல்கிறான். அடையாள அட்டை எண்ணைச் சொல்கிறான். வீட்டு முகவரியையும் சொல்கிறான். "இவ்வளவும் தெரிந்திருக்கிறதே, உண்மையான போலீஸ்காரர்தான்" என்று வயதான அம்மா நம்பிவிடுகிறார். வாழ்நாள் சேமிப்பு ஒரே மாலையில் கைமாறுகிறது. உங்களைப் பற்றிய விவரம் ஒருவருக்குத் தெரிந்திருப்பது, அவர் நம்பத்தக்கவர் என்பதற்குச் சான்று ஆகாது. வீட்டில் உள்ள பெரியவர்களிடம் இந்த ஒரு வாக்கியத்தையாவது சொல்லி வையுங்கள்.

சட்டம் என்ன செய்கிறது?

தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் மலேசியாவில் 2010-இல் நிறைவேறி, 2013 நவம்பர் 15 முதல் நடப்பில் இருக்கிறது. வர்த்தகத்துக்காக விவரம் திரட்டும் நிறுவனங்கள் அதைப் பாதுகாக்க வேண்டும் என்பது விதி. 2024-இல் கொண்டுவந்த திருத்தத்தின்படி, 2025 ஜூன் 1 முதல், கசிவு ஏற்பட்டால் ஆணையருக்குத் தெரிவிப்பது கட்டாயமாகியுள்ளது. ஆனால் மத்திய, மாநில அரசாங்கங்களை இந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது.

உலக அளவிலும் மாற்றம் வந்திருக்கிறது. இணையத்தளம் ஒன்றின் உரிமையாளர் யார் என்று விசாரிக்க 'ஹூ இஸ்' என்று ஒரு சேவை இருந்தது. ஃபிங்கருக்குத் தம்பி என்றே சொல்லலாம். பல ஆண்டுகள் அதில் உரிமையாளரின் பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லாம் யார் கேட்டாலும் கிடைத்தன. ஐரோப்பாவின் தகவல் பாதுகாப்பு விதிகள் 2018 மே 25 அன்று நடப்புக்கு வந்த பிறகு, பெரும்பாலான பதிவுகளில் தனிநபர் விவரங்கள் மறைக்கப்பட்டன. இப்போது நியாயமான காரணம் உள்ளவர் தனியே விண்ணப்பித்துக் கேட்க வேண்டும். கேட்பவர் யார் என்று பார்த்துப் பதில் சொல்லும் துறைமுக முறை இணையத்துக்கும் மெல்ல வருகிறது என்று இதை எடுத்துக்கொள்ளலாம்.

கைப்பேசிக்குள் இருக்கும் விரல்

ஃபிங்கர் மறைந்துவிட்டது என்று நிம்மதி அடைய முடியாது. பெயரை மாற்றிக்கொண்டு அது கைப்பேசிக்குள் குடியேறிவிட்டது. புலனம் என்று அழைக்கப்படும் வாட்ஸ்அப்பில் 'கடைசியாகப் பார்த்த நேரம்' என்று ஒரு வரி வருகிறதே, அது 1971-இல் ஸ்டான்போர்டில் விரல் வைத்துத் தேடிய அதே விவரம்தான். 'இப்போது இணைப்பில் இருக்கிறார்' என்ற அறிவிப்பை மறைக்கும் வசதி 2022-இல்தான் அதில் வந்தது. அந்த ஒற்றை வரியை வைத்து, "ராத்திரி 2 மணிக்கு யாரோடு பேசிக்கொண்டிருந்தாய்?" என்று கேட்டுக் குடும்பங்களில் நடக்கும் சண்டைகளைச் சொல்லி மாளாது.

பழைய ஃபிங்கரே வேறொரு வேடத்திலும் திரும்பியிருக்கிறது. விண்டோஸ் கணினிகளில் அந்தச் சிறு நிரல் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. "நீங்கள் மனிதர்தானா என்று உறுதி செய்ய, இந்தக் கட்டளையைப் படியெடுத்து ஒட்டுங்கள்" என்று சில போலித் தளங்கள் கேட்கின்றன. ஒட்டினால், ஃபிங்கர் வழியாகவே தீய நிரல் கணினிக்குள் வந்துவிடும். 2025-இலும் இப்படிப்பட்ட மோசடிகள் கண்டறியப்பட்டன. எந்த நேர்மையான தளமும் அப்படி ஒரு கட்டளையை ஒட்டச் சொல்லாது.

இன்றே செய்யக் கூடியவை

இந்த உரையைப் படித்து முடித்ததும் நேயர்கள் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும்.

கைப்பேசியில் 'கடைசியாகப் பார்த்த நேரம்', 'இணைப்பில் இருப்பது', முகப்புப் படம் ஆகிய மூன்றும் யாருக்குத் தெரிய வேண்டும் என்பதை நீங்களே தேர்ந்தெடுங்கள். 'அனைவருக்கும்' என்று இருந்தால், 'என் தொடர்புகளுக்கு மட்டும்' என்று மாற்றிவிடுங்கள்.

பிறந்த தேதி, அடையாள அட்டை எண், பிள்ளையின் பெயர் ஆகியவற்றைக் கடவுச்சொல்லாக வைக்காதீர்கள். 1988-இல் புழு முயன்று பார்த்தவற்றில் பெயர்களும் இருந்தன.

அடையாள அட்டை எண்ணைக் கேட்கும் பாரம் எதுவானாலும், "எதற்கு?" என்று ஒரு முறை கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

பணம் பறிபோனது தெரிந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல், உடனே 997 என்ற எண்ணை அழையுங்கள். தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் எண் அது. எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, பணத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

கதவே வேண்டாம், யாருக்கும் எதுவும் சொல்லக் கூடாது என்பது இதன் பொருள் அல்ல. பினாங்குத் துறைமுகம் பிழைத்ததே கதவைத் திறந்து வைத்ததால்தான். ஆனால் வருகிறவர் யார் என்று பார்த்துத் திறக்க அங்கே ஆள் இருந்தார். ஒருவர் தம் கையால் எழுதிய 'திட்டம்' உலகுக்குப் போகலாம். அவரைக் கேட்காமல் இயந்திரம் சொல்லும் கணக்குக்கு, அவருடைய அனுமதி வேண்டும்.

"விருந்தோம்பல் தெரிந்த வீட்டில்தான் தாழ்ப்பாளும் இருக்கும்" என்பதை இளையோருக்கும் எடுத்துச் சொல்லுங்கள். அந்தத் தாழ்ப்பாள் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.